டைட்டானியம் ரிங்கை நம் ஃபோர்ஜிங் பட்டறையில் அடிக்க முடியுமா?

கேள்வி கேட்ட நண்பர் கோவையை அடுத்த அரசூரில், சூடான உலோகத்தை அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு, வால்வு கம்பெனிகளுக்குக் கார்பன் எஃகிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஃபிளாஞ்ச், ரிங் அடித்துக் கொடுப்பவர். இப்போது ஒரு வாடிக்கையாளர் வெளிவிட்டம் 400 மிமீ, உள்விட்டம் 300 மிமீ, உயரம் 60 மிமீ அளவில் கிரேடு 5 (அலுமினியமும் வனேடியமும் கலந்த) டைட்டானியம் ரிங் கேட்கிறாராம். இருக்கிற இரண்டு டன் சுத்தியல் போதுமா, ஃபர்னஸ் ஆயில் உலையிலேயே சூடாக்கலாமா, அடிப்பதற்கான டைட்டானியம் பாரை (உருளைக் கம்பியை) வெளியே வாங்காமல் ஸ்கிராப்பை உருக்கி நம் ஊர் ஃபவுண்டரியிலேயே வார்த்துக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: எஃகு அடிக்கத் தெரிந்த பட்டறைக்கு டைட்டானியமும் வசப்படுமா? அடிப்பது வசப்படும், சூடாக்குவதைத்தான் புதிதாகக் கற்க வேண்டும் என்பது என் பதில். உலோகவியல் படித்து, ஃபோர்ஜிங் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். விமான எஞ்சினின் சுழலும் பாகங்களில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆகவே கீழே வருவதெல்லாம் இரசாயன ஆலை, வால்வு, பொது எந்திர வேலை ஆகியவற்றுக்கான ரிங்குகளுக்கே பொருந்தும்.

ஸ்கிராப்பை உருக்கும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். வார்ப்புத் தொழிலில் பெயர் எடுத்த ஊர்க்காரருக்கு இந்த எண்ணம் வருவது இயல்புதான், ஆனால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டைட்டானியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருகிய நிலையில் அது தொடும் எந்தப் பீங்கான் பூச்சிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் சேர்த்தே குடிக்கும். நம் இண்டக்‌ஷன் உலையில் வெளிவருவது, கண்ணாடிபோல் உடையும் ஒரு கட்டியாகத்தான் இருக்கும். அதற்குள் தீவிபத்து எதுவும் நேராமல் இருந்தால் அதுவே பெரிது. முறையான வழி வேறு. கடற்கரைக் கனிம மணலிலிருந்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு செய்து, அதை மக்னீசியத்தால் ஒடுக்கினால் கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கிறது. ஸ்பாஞ்ச் என்பது இதைத்தான். கேரளத்தில் கொல்லத்தை அடுத்த சவராவில், ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, ஆண்டுக்கு 500 டன் திறனுடன் இப்படியொரு ஆலை 2011-இல் தொடங்கப்பட்டது. இந்த ஸ்பாஞ்சுடன் அலுமினியமும் வனேடியமும் சேர்த்து அழுத்திக் கட்டையாக்கி, கட்டைகளைப் பற்றவைத்து மின்முனையாக்கி, வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கி, நீர் சுற்றும் செப்பு மூசைக்குள் உறையவிடுகிறார்கள். உறைந்து வந்த கட்டியான இங்காட்டையே மறுபடியும் மின்முனையாக்கி இன்னொரு முறை உருக்குவார்கள். கடுமையான உபயோகத்துக்கு மூன்றாம் முறையும் உண்டு. நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்வது ஹைதராபாத்தில் 1973-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான மிதானி.

இரண்டு மூன்று முறை உருக்குவது வெறும் சம்பிரதாயம் அல்ல. நைட்ரஜன் செறிந்த ஒரு சிறு துணுக்கு கரையாமல் தங்கிவிட்டால், அது பாருக்குள் கல்போல் உட்கார்ந்துவிடும். பிற்பாடு சுத்தியலோ வெப்பப்பதனிடலோ அதைக் கரைக்காது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சியூ சிட்டியில் நொறுங்கிய டிசி-10 விமானத்தின் விசிறித் தட்டு உடைந்ததற்குக் காரணம், இங்காட் உருக்கும்போதே உள்ளே தங்கிப்போன இத்தகைய குறைதான் என்று விசாரணையில் தெரிந்தது. டைட்டானியத்தின் நல்லது கெட்டதில் பாதி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தப் பாதியை நீங்கள் விலை கொடுத்துத்தான் வாங்க முடியும். மீதிப் பாதியைக் கெடுக்காமல் காப்பதே உங்கள் வேலை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பாருக்கும் பில்லட்டுக்கும் (அடிப்பதற்கு வெட்டி எடுக்கும் கனத்த கட்டை) அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் பி348, ஃபோர்ஜிங்குக்கு பி381 என்பவை பொதுத் தொழில்துறை விதிகள். விமானத் துறை சார்ந்த ஆர்டரில் ஏ.எம்.எஸ். 4928 என்று எழுதியிருக்கும். அப்படியிருந்தால் வேலையின் தரமும் செலவும் வேறு. கிரேடு 5-க்கு அலுமினியம் 5.5 முதல் 6.75 சதவீதம், வனேடியம் 3.5 முதல் 4.5 சதவீதம், ஆக்சிஜன் 0.20-க்கு மிகாமல், ஹைட்ரஜன் 0.015-க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஸ்கிராப் வியாபாரிகளிடமும் சோதனைக்கூடங்களிலும் இருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி அலுமினியத்தையும் வனேடியத்தையும் காட்டிவிடும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மூன்றும் அதன் கண்ணுக்குத் தெரியாது. வணிகத் தூய்மை கொண்ட கிரேடு 1 முதல் 4 வரை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதே முக்கியமாக ஆக்சிஜன் அளவில்தான் என்பதால், கிரேடு 2 என்று சொல்லிக் கிரேடு 4-ஐக் கொடுத்தாலும் அந்தத் துப்பாக்கி தலையாட்டும். வாயு அளவுகளுக்குத் துண்டை உருக்கிப் பார்க்கும் தனிச் சோதனை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். சீனாவின் பாவ்ஜி நகரத்துப் பார் நம்பகமானதா என்று பலரும் கேட்பார்கள். நல்லதும் வருகிறது, மட்டமானதும் வருகிறது. ஊரை வைத்து முடிவு கட்டுவதைவிட ஹீட் எண்ணை (ஒரே உருக்கில் வந்த உலோகத்துக்குத் தரும் எண்) வைத்து முடிவு கட்டுவது மேல். போலிச் சான்றிதழுடன் வந்த டைட்டானியம் விமான உற்பத்திச் சங்கிலிக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்று 2024 ஜூனில் செய்தி வந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. அவ்வளவு கட்டுக்காவல் உள்ள இடத்திலேயே நடக்கும்போது, ஜெராக்ஸ் சான்றிதழை மட்டும் நம்பிப் பில்லட் வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. பில்லட்டின் முனையில் குத்தியிருக்கும் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஒரு சிறு துண்டை வெட்டி உங்கள் செலவில் சோதியுங்கள்.

சான்றிதழில் இன்னொரு எண்ணையும் தேடுங்கள்: பீட்டா டிரான்சஸ். டைட்டானியத்தின் அணுக்கட்டமைப்பு அறுகோண ஆல்ஃபா வடிவிலிருந்து முழுவதும் கனசதுர பீட்டா வடிவுக்கு மாறிவிடும் வெப்பநிலை அது. தூய டைட்டானியத்தில் 882 டிகிரி. கிரேடு 5-இல் ஏறத்தாழ 995 டிகிரி. ஆக்சிஜன் கூடினால் இது ஏறும், இரும்பும் வனேடியமும் கூடினால் இறங்கும்; ஆகவே ஹீட்டுக்கு ஹீட் பத்துப் பதினைந்து டிகிரி மாறும். சாதாரண உபயோகத்துக்கான ரிங்கை இந்த எல்லைக்குக் கீழேயே அடிக்க வேண்டும். எல்லையைத் தாண்டிச் சூடேறிவிட்டால் மணிகள் (உலோகத்தின் நுண் படிகங்கள்) திடீரெனப் பெருத்து, ஆறும்போது ஊசி ஊசியான தகட்டு அமைப்பு உருவாகும். இழுவைச் சோதனையில் வலிமை ஓரளவு தேறினாலும், நீட்சியும் களைப்பு வலிமையும் விழுந்துவிடும். இப்படிக் கெட்டதை வெப்பப்பதனிட்டு மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எல்லைக்குக் கீழே வைத்துக் கணிசமாக மறுபடி அடித்தால்தான் மீளும். ரிங் அளவுக்கு வந்த பிறகு அதற்கு உலோகம் எங்கே மிச்சம் இருக்கிறது?

நம் பட்டறைகளின் பழக்கம் இடறுவது இங்கேதான். கார்பன் எஃகை 1200 டிகிரிக்கு மேல் ஏற்றி, 900 பக்கம் இறங்கும்வரை அடிக்கலாம். முந்நூறு டிகிரி தாராளம் இருக்கிறது. கிரேடு 5-ஐ 940, 950-இல் எடுத்து, 850-ஐ நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் மூலைகளில் வெடிப்பு விழும். நூறு டிகிரிதான் மொத்த இடம். நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் மேஸ்திரிகள் நம்மிடம் இருக்கிறார்கள். எஃகில் அவர்கள் கணிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் 950-க்கும் 1010-க்கும் உள்ள நிற வேறுபாட்டை, கூரைத் தகட்டு இடுக்கில் வெயில் விழும் கொட்டகையில் எந்தக் கண்ணாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. உலை முழுவதும், முன்மூலை பின்மூலை உட்பட, கூட்டிக் குறைத்து 14 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பல தெர்மோகப்பிள்களை (வெப்பமானிக் கம்பிகளை) வைத்து அளந்து பதிவு செய்திருக்க வேண்டும். ஆயில் உலை அந்தச் சோதனையில் தேறுவது அபூர்வம்.

ஆயில் உலைமேல் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. டைட்டானியம் சூட்டில் இரண்டு வாயுக்களை உள்ளே இழுக்கிறது, இரண்டும் வெவ்வேறு விதமாகக் கெடுக்கின்றன. ஆக்சிஜன் மேல்தோலோடு நின்றுவிடும். அது உண்டாக்கும் கெட்டியான, உடையும் தன்மையுள்ள அடுக்கைத்தான் ஆல்ஃபா கேஸ் என்கிறோம். கடைந்து எடுத்துவிட்டால் போய்விடும். ஹைட்ரஜன் அப்படியல்ல, அது சரசரவென்று உள்வரை பரவிவிடும், கடைந்தாலும் போகாது. வெற்றிட உலையில் வைத்து இழுத்தால் மட்டுமே வெளியேறும். தீச்சுடரில் காற்று குறைந்து புகைந்து எரிந்தால் ஹைட்ரஜன் ஏறும். ஆகவே எஃகில் செதில் (சூட்டில் மேல்தோலில் படியும் ஆக்சைடு) குறைய வேண்டும் என்று காற்றைக் குறைக்கும் வழக்கம் இங்கே நேர் எதிர்த் தீங்கு. காற்றைச் சற்று அதிகமாகவே விட வேண்டும், சுடர் பில்லட்டை நேரே தொடக்கூடாது. செதில் கூடினாலும் அது கடைந்து எடுக்கக்கூடிய குறை. அடுத்தது உலைத் தளம். எஃகு அடித்த உலையின் தரையில் இரும்புச் செதில் குவிந்து கிடக்கும்; சூடான டைட்டானியம் அதன்மேல் உட்கார்ந்தால் வினைபுரிந்து மேற்பரப்பு அரிக்கப்படும். தரையைச் சுரண்டித் துடைத்து, சுத்தமான பீங்கான் தட்டு வைத்து, அதன்மேல் பில்லட்டை ஏற்றுங்கள். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் ஒரு சிறிய மின் உலை தனியாகப் போடுவதே கடைசியில் சிக்கனம் என்பது என் கருத்து.

சுத்தியல் கேள்விக்கு உங்கள் ரிங்கையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். முடிந்த ரிங்கின் கன அளவு ஏறத்தாழ 3300 கன செமீ. கிரேடு 5-இன் அடர்த்தி கன செமீக்கு 4.43 கிராம் என்பதால் எடை 14.6 கிலோ. அதே ரிங் எஃகில் 26 கிலோ வரும். ஆல்ஃபா கேஸையும் கோணலையும் கடைந்தெடுக்கச் சுற்றிலும் ஐந்து மிமீ விட்டால், அடித்த ரிங் 410, 290, 70 என்று நிற்கும். எடை இருபதரைக் கிலோ. துளையிடும்போது விழும் வில்லைக்கு ஒரு கிலோ, செதிலுக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் 22 கிலோ பில்லட் வேண்டும். 150 மிமீ விட்டமுள்ள பில்லட்டில் அது சுமார் 280 மிமீ நீளம். நீளம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் இருப்பதால், நிறுத்திவைத்து மேலிருந்து அடித்துக் குட்டையாக்கும்போது வளையாமல் உட்காரும். ஆக, விலை உயர்ந்த உலோகத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருளாகப் போகிறது. விலை சொல்லும்போது 14.6 கிலோவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பில்லட்டை 95 மிமீ உயரத்துக்கு உட்காரவைத்தால் விட்டம் 258 மிமீ ஆகும். வேலைச் சூட்டில் கிரேடு 5 காட்டும் எதிர்ப்பு, 1200 டிகிரிக் கார்பன் எஃகைப்போல் இரு மடங்குக்கும் மேல். சூடு இறங்க இறங்க அது செங்குத்தாக ஏறும். இரண்டு டன் சுத்தியலில் இதை ஒரே சூட்டில் முடிக்க முடியாது. இரண்டு மூன்று சூடுகளில் முடியும், ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் ஆல்ஃபா கேஸ் கொஞ்சம் வளரும். கண்ணாடித் தூள் கலந்த பூச்சைப் பில்லட்டில் அடித்து உலர்த்தி ஏற்றினால் காற்றையும் ஓரளவு தடுக்கும், டையில் (அடிக்கும் அச்சில்) வழுக்கவும் செய்யும். டையை 200 டிகிரியாவது முன்சூடு செய்யுங்கள். இந்த உலோகம் வெப்பத்தைக் கடத்துவது கார்பன் எஃகில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்பதால், குளிர்ந்த டை தொட்ட தோல் கறுத்து இறுகி, உள்ளே சிவப்பாகவே இருக்கும். வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். இதே குணம் இன்னொரு பக்கமும் கடிக்கும். அடித்த வேகத்தில் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியின்றித் தங்கி, பில்லட்டின் நடுப்பகுதி பீட்டா எல்லையைத் தாண்டிவிடக்கூடும். உலை சரியாக 950 காட்டியிருக்கும், நடுமணி மட்டும் பெருத்திருக்கும். ஆகவே சுத்தியலில் அடிப்பவர் பத்து இருபது டிகிரி குறைவாகவே தொடங்குவது நல்லது. மூச்சுவிடாமல் அடிக்காமல் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் உட்காரவைப்பதையும் துளையிடுவதையும் அதற்குத் தள்ளிவிட்டு, ரிங் ரோலிங் எந்திரத்தில் விரிப்பதே சரியான பாதை. ரோலிங்கில் மணியோட்டம் வட்டத்தைச் சுற்றிப் படிகிறது. சுத்தியலில் மேண்ட்ரல் (துளைக்குள் நுழைக்கும் தண்டு) போட்டு விரித்ததில் அந்தச் சீர்மை வருமா என்பது அடிப்பவரின் கையைப் பொறுத்தது, முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது.

அடித்து ஆறிய ரிங்கை 700 முதல் 790 டிகிரிக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக் காற்றில் ஆறவிட்டால் அனீலிங் (உள்ளிறுக்கம் தளர்த்தும் பதனிடல்) முடிந்தது. அதன்பின் இழுவை வலிமை 895 மெகாபாஸ்கல், விளைவு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) 828, நீட்சி 10 சதவீதம் என்ற குறைந்தபட்ச எல்லைகளைத் தாண்ட வேண்டும். உலைக்குள் போகுமுன் ரிங்கை நன்றாகக் கழுவி, வெறுங்கையால் தொடாமல் ஏற்றுங்கள். வியர்வையின் உப்பும் குளோரின் கலந்த துடைப்பு இரசாயனங்களும் சூட்டில் இந்த உலோகத்தில் விரிசல் உண்டாக்கக்கூடியவை. ஆல்ஃபா கேஸை எடுக்க ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவைத் தொட்டி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாப் பக்கமும் கடையப்போகிற ரிங்குக்கு அது தேவையில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்பின் கால்சியத்தைப் பிடிக்கும் விஷம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பழகிய ஆளும் இல்லாத கொட்டகையில் அதைத் திறக்கவே கூடாது. நைட்ரிக் பங்கு குறைந்தால் தொட்டியே ரிங்குக்குள் ஹைட்ரஜனை ஏற்றிவிடும். கழிவில் ஃபுளோரைடு வேறு; நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, புதிதாக ஓர் அமிலத் தொட்டி தேவையா என்று நாமே யோசிக்கலாம்.

கடைசலில் எஃகு வேகம் ஆகாது. கார்பைடு டூலில் நிமிடத்துக்கு 40 முதல் 60 மீட்டர், கூரான முனை, நிறுத்தாத ஃபீட், தாராளமான கூலண்ட். டூல் ஒரே இடத்தில் நின்று உரசினால் அங்கே தோல் இறுகிவிடும். விறைப்பு எஃகில் பாதிதான் என்பதால் மெல்லிய ரிங் லேத்தின் சக்கின் பிடியில் முட்டை வடிவாகி, கழற்றியதும் திரும்பி வரும். மென்மையான தாடையை ரிங்குக்கு ஏற்பக் கடைந்து பிடியுங்கள். மெல்லிய சுருளும் தூளும் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ நிலைமையை மோசமாக்கும். உலர்ந்த மணலும், உலோகத் தீக்கான டி வகைத் தூளும் லேத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சுருளை அன்றன்றே அகற்றித் தனி டிரம்மில் வையுங்கள், எஃகுச் சுருளோடு கலந்தால் விலையும் போய்விடும்.

சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் ஓசூரும் இடம்பெற்றதிலிருந்து டைட்டானியம் என்றாலே விமானம் என்று நம் பக்கம் பேச்சாகிவிட்டது. அந்த ஆர்டர் எப்போது, யாருக்கு வரும் என்பது ஊகம். அதை நம்பி முதலீடு செய்யச் சொல்ல மாட்டேன். நிச்சயமான தேவை குளோரின், குளோரின் டை ஆக்சைடு, கடல்நீர் புழங்கும் இடங்களில் இருக்கிறது. காகித வெளுப்பு, காரசோடா ஆலை போன்றவை. அவற்றுக்குப் பெரும்பாலும் கிரேடு 2 போதும். அது மலிவு, அடிப்பதும் எளிது. அதிலும் ஓர் எச்சரிக்கை: ஈரமான குளோரினில் அசையாமல் நிற்கும் டைட்டானியம், ஈரமற்ற உலர் குளோரினில் சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது. ஆகவே ரிங் எந்தக் குழாயில் உட்காரப்போகிறது என்று கேட்காமல் விலைப்புள்ளி அனுப்பாதீர்கள். கிரேடு 5 என்று எழுதியவர் வலிமைக்காகக் கேட்டாரா, அரிப்புக்குப் பயந்து பெரிய எண்ணாக எழுதிவிட்டாரா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஒப்புக்கொண்டால், முதல் ரிங்கை விற்பதற்கென்று அடிக்காதீர்கள், அறுப்பதற்கென்று அடியுங்கள். அனீலிங் முடித்து, மூன்று இடங்களில் குறுக்கே அறுத்து, வட்டத்தின் ஓட்டத்தில் இழுவைச் சோதனைத் துண்டு எடுங்கள். ஒரு வெட்டுமுகத்தை மெருகேற்றி, கிரால் கரைசல் என்ற அமிலக் கலவையால் அரித்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கோவையிலேயே பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் தனியார் சோதனைக்கூடங்களிலும் இதைச் செய்கிறார்கள். விளிம்பில் வெள்ளைக் கோடாகத் தெரிவது ஆல்ஃபா கேஸ். அதன் ஆழத்தை அளந்தால் ஐந்து மிமீ விட்டது அதிகமா, குறைவா என்று தெரிந்துவிடும். நடுவில் உருண்டை உருண்டையான ஆல்ஃபா மணிகள் தெரிந்தால் உங்கள் சூடு சரி. விளிம்பில் உருண்டையும் நடுவில் ஊசியுமாகத் தெரிந்தால் உலை சரியாக இருந்து சுத்தியல் வேகமாகப் போயிருக்கிறது. எங்கும் ஊசியாக இருந்தால் உலையே பொய் சொல்கிறது, தெர்மோகப்பிளை மாற்றிவிட்டு அடுத்த பில்லட்டைத் தொடுங்கள்.